ஆளுக்கொரு திருகு

இல்லை ரியாஸ், வேனைக் கொடுக்கவில்லை. பாலகோபால் வியாழக்கிழமை வந்தார். நீ அனுப்பியதாகச் சொன்னார். கடை வாசலில் நின்ற வண்டியைச் சுற்றி வந்தார், டயரை மிதித்துப் பார்த்தார், டீ குடித்தார். விற்கிற எண்ணம் இல்லைங்க என்று நான்தான் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. “ரியாஸ் வேற மாதிரி சொன்னாப்பலீங்கம்மா” என்றார், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலமே போனில் கேட்டாய், ஏம்மா கொடுக்கலை என்று. பக்கத்தில் உன் மனைவி ஃபர்சானா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு சொல்கிறேன் என்றேன். அதற்கப்புறமும் கேட்டாய், மழுப்பினேன். இதுதான் அந்தப் பிறகு.

சலாம் சொல்லாமல் தொடங்கிவிட்டேன். அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம், அல்லாஹ்வின் கருணை, அங்கே நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் அத்தாவுக்கு முட்டி வலி. கேட்டால் இல்லை என்கிறார், மாடிப்படியில் மட்டும் கைப்பிடியைத் தேடுகிறார். உன் மகள் இல்மாவுக்கு முன்பல் விழுந்து சிரிப்பு புதிதாக இருக்கிறது. உன் தம்பி தாரிக்குக்குப் பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை, லேப்டாப் முன்னால் உட்கார்ந்தே குண்டாகிறான். சாஹிலுக்கு லீவு முடிந்துவிட்டது, தோஹா கிளம்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ பாதியிலேயே பதில் போடுவாய். தாளில் அது முடியாது.

உனக்குத் தெரிந்தது இவ்வளவு. புதன்கிழமை காலை ஃபர்சானா பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பீளமேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் வேன் நின்றுவிட்டது. உள்ளே இல்மாவும் இருந்தாள். என்ஜின் ஆயில் முழுக்க ரோட்டில். ஆயிலை இறக்குவதற்காக அடியில் இருக்கும் போல்ட் கழன்று விழுந்திருக்கிறது. கடைசியாக ஆயில் மாற்றியது ஃபர்சானா. ஆகவே ஃபர்சானா சரியாக இறுக்கவில்லை. ஆகவே இந்த வேலை அவளுக்கு வேண்டாம், வேனை விற்றுவிடலாம். நீ இப்படித்தான் கூட்டினாய். அன்று மதியம்வரை நானும் அப்படித்தான் கூட்டினேன்.

முதலில் ஒன்றைத் திருத்திக்கொள். வேன் நிற்கவில்லை. அவள் நிறுத்தினாள். லட்சுமி மில் சிக்னலைத் தாண்டியதும் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்திருக்கிறது. உடனே ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிட்டாள். பள்ளிக்கூடம் கிட்டத்தில்தானே, போய்விடலாம் என்று ஓட்டியிருந்தால் ஆயில் இல்லாத என்ஜின் உள்ளே இறுகிப் பாழாகியிருக்கும். நம் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படி ஓட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். தாரிக்குக்குப் போன் செய்தாள், இரண்டு ஆட்டோ பிடித்து அவனோடு பிள்ளைகளை அனுப்பினாள், ஒவ்வொரு வீட்டுக்கும் தானே பேசிச் சொன்னாள். அப்புறம் ரோட்டில் ஆயில் விட்ட கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்து, ஒரு வேகத்தடை ஓரத்தில் கிடந்த போல்ட்டை எடுத்து, டிஷ்யூவில் சுற்றி, பர்ஸில் போட்டுக்கொண்டாள். இது எதுவும் அவள் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். வேன் நின்ற இடத்தில் யாரோ ஒரு மெக்கானிக் வந்து குனிந்து பார்த்துவிட்டு, “டைட் பத்தலீங்க, லேடீஸ் கைதானே” என்றாராம். இவள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

மதியத்துக்குள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு ஜன்னத் வந்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் நம் வேனில்தான் போகிறார்கள். உட்காரவில்லை, வாசலிலேயே நின்றாள். “தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. நாளையிலிருந்து எங்க ஊட்டுக்காரரே பைக்குல கொண்டுபோயி உட்டுர்றேன்னு சொல்றாருங்க. ஃபர்சானா மேல ஒண்ணும் குறையில்லீங்க. கை கொஞ்சம் பலமில்லாம இருக்கும், அது யாரு தப்புமில்லீங்கல்ல” என்றாள். ‘ங்க’ ஒன்றுகூடக் குறையவில்லை. ஃபர்சானா உள்ளே இருந்தாள், எல்லாம் கேட்டது. ஜன்னத் போனால் அவளைப் பார்த்து அடுத்த வீடும் போகும். பிள்ளைகள் இல்லாத வேனை வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஆகவே உன் கணக்கில் கடைசி வரி தப்பில்லை. முதல் வரிதான் தப்பு.

ஜன்னத் போனதும் நான் ஃபர்சானாவோடு நேரே உக்கடத்தில் அத்தாவின் மரை போடும் கடைக்குப் போனேன். வேனைக் கட்டி இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். அத்தா அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். ஃபர்சானா பர்ஸிலிருந்து போல்ட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் டிஷ்யூவைப் பிரித்தார். போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். போல்ட்டின் மரைகளுக்கு இடையில் வெள்ளையாக ஒரு கம்பி சுற்றியிருந்தது. கம்பி இல்லை, அலுமினியம். நீ கடையில் வளர்ந்தவன், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, எழுதினால்தான் எனக்கு விளங்குகிறது என்பதால் எழுதுகிறேன். தளர்ந்து கழன்ற போல்ட் சுத்தமாக வரும். இது என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சேம்பரின் மரையைத் தன்னோடு உரித்துக்கொண்டு வந்திருக்கிறது. சேம்பர் அலுமினியம், போல்ட் இரும்பு. அளவுக்கு மேல் இறுக்க இறுக்க இரும்பு ஒன்றும் ஆகாது, அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்துகொண்டே இருக்கும். வெளியே பார்த்தால் கெட்டியாக இருப்பது போலத்தான் தெரியும். ஒருநாள் வேகத்தடையில் ஒரு குலுங்கல் போதும். அத்தா இதையெல்லாம் ஊராருக்கு எத்தனை முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று மட்டும் அதை விட்டுவிட்டு, “பாக்கலாம்” என்றார். போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த முகத்தைப் பார்த்ததால்தான் மறுநாள் பாலகோபாலிடம் அப்படிச் சொன்னேன். காரணம் தெரியாது. காரணம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அத்தா ஜும்மா முடிந்து வந்தார், தொப்பியைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தார். தாரிக்கும் வீட்டில் இருந்தான். ஃபர்சானா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவர் போல்ட்டை எடுத்து அவள் முன்னால் விரிப்பில் வைத்தார். “கண்ணு, இது நீ செஞ்சதில்லை. நான் செஞ்சது” என்றார். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும். “நீ ஆயில் மாத்தி முடிச்சுப்போட்டு கை கழுவ உள்ள போவீல்ல. அப்ப நான் ஸ்பேனரைப் போட்டு ஒரு கால் திருகு திருகுவேன். ஒவ்வொரு தடவையும். குழந்தைங்க போற வண்டி, கெட்டியா இருக்கட்டும்னு. உன்னைக் கேட்டா சங்கடப்படுவியேன்னு கேக்கலை” என்றார். கரண்டி அவள் கையிலேயே இருந்தது. சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மாமா, ஒவ்வொரு வாட்டி ஆயில் மாத்தறப்பவும் அந்த போல்ட் எனக்கு அசையாதுங்க. படுத்துட்டு ஸ்பேனரைக் காலால உதைப்பனுங்க. அப்பறம்தான் அசையும். நானே இறுக்கினதை நானே கழட்ட முடியலியேன்னு நினைச்சுக்குவேன். கையில பலமே இல்லியாட்ட இருக்குதுன்னு, வண்டி ஓட்டறப்பக்கூட ஸ்டியரிங்ல இருக்கற கையைப் பாத்துக்குவனுங்க. ஜன்னத்தக்கா சொன்னப்ப, சரிதான் போலன்னே நினைச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னங்க மாமா?”

அந்த நேரத்தில் தாரிக் தட்டைப் பார்த்தபடியே, “அண்ணி, நானுந்தானுங்க” என்றான். எல்லோரும் அவனைப் பார்த்தோம். “அண்ணன் போன் பண்ணி, அண்ணிக்குத் தெரியாம வண்டியை ஒருக்கா பாத்துரு, அடியில போல்ட்டெல்லாம் இறுக்கி வைன்னு சொல்லுச்சு. அடிக்கடி சொல்லும். ஞாயித்துக்கெழம மத்தியானம் நீங்க படுத்திருக்கறப்ப போயி ஒரு இழு இழுத்துப்போட்டு வந்துருவேன்.” எந்த போல்ட் என்று தெரிந்தா இறுக்கினாய் என்று அத்தா கேட்டார். “இருக்கறதுலயே பெருசா இருந்துச்சுங்களே அத்தா, அதை” என்றான். ஃபர்சானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, “மாமி, நீங்க இறுக்கலீங்களா? நீங்க ஒருத்தர்தான் பாக்கி” என்றாள். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது. அப்படியே அவளிடம் சொன்னேன்.

ஆகவே மூன்று கைகள், ரியாஸ். அவள் அளவாக இறுக்கினாள். அதன்மேல் அத்தா, அதன்மேல் தாரிக், தாரிக்கின் கைக்குள் தோஹாவிலிருந்து நீ. யாருக்கும் மற்றவர் இறுக்கியது தெரியாது. அவளுக்கு எதுவுமே தெரியாது. இந்த வீட்டில் யாரும் யாரையும் அதட்டிப் பேசியதில்லை, மருமகளை ஒரு சொல் சொன்னதில்லை என்று தெருவில் நல்ல பேர். நல்லா இறுக்கினியா கண்ணு என்று வாய்விட்டுக் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். அதனால் கேட்காமல் இறுக்கினோம். மரியாதை என்றுதான் நினைத்தோம். இதை எழுதும்போது நிறுத்தி யோசித்தேன். அதட்டியிருந்தால் அவள் திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். மரையாவது மிஞ்சியிருக்கும்.

சரி, ரிப்பேர். சனிக்கிழமை காலை. புதுச் சேம்பர் வாங்கிவிடலாம் என்றான் தாரிக். ஓட்டையைத் தவிர அதில் குறை எதுவும் இல்லை, எதற்கு வாங்க வேண்டும் என்றாள் ஃபர்சானா. தினமும் பத்துப் பேருக்கு மரை போட்டுத் தருகிற கடையை வைத்துக்கொண்டு. நான் போடறேன், யாரும் கையை வெக்கக்கூடாதுங்க, சொல்லிப்போட்டேன் என்று அத்தாவைப் பார்த்துத்தான் சொன்னாள். அத்தா ஸ்டூலை இழுத்துப்போட்டுத் தள்ளி உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். விளையாட்டுக்கு இல்லை, உண்மையிலேயே அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

சேம்பரை முழுதாக இறக்கி, மண்ணெண்ணெயில் கழுவி, வைஸின் பிடியில் துணி வைத்து இறுக்கினாள். வண்டியோடு வைத்தே துளை போட்டால் தூள் உள்ளே விழும். கிழிந்த மரையை டிரில் போட்டு எடுத்துவிட்டால் துளை கொஞ்சம் பெரிதாகிறது. அந்தப் பெரிய துளையில் புது மரை வெட்ட வேண்டும். வெட்டுகிற கருவிக்கு டேப் என்று பேர், அதைக் கையால் மெல்லத் திருகி, அரைச்சுற்று போய், கால்சுற்று பின்னால் வந்து, மறுபடி முன்னால். நேராக நிற்கிறதா என்று மட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துத் திருகினாள். பின்னால் வரும்போது தூள் உடைந்து உதிர்கிற சத்தம் கேட்கும், சர்க்கரையை மிதித்தால் கேட்குமே, அப்படி. பிறகு அந்த மரைக்குள் எஃகுச் சுருள் ஒன்றை இறக்க வேண்டும். காயில் என்கிறார்கள். ஸ்பிரிங் மாதிரி இருக்கிறது. அதன் வெளிப்பக்கம் அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும், உள்பக்கம் பழைய அளவு போல்ட்டுக்கே மரையாகிவிடும். இனி போல்ட் எத்தனை முறை கழன்று ஏறினாலும் தேய்மானம் எஃகுக்குத்தான். முதல் காயில் ஒரு மரை தாண்டிக் கோணலாக ஏறிவிட்டது. அத்தாவின் தோள் முன்னால் வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். தோள் பின்னால் போனது. கொறட்டால் பிடித்து அதை உருவி எறிந்துவிட்டு இரண்டாவதை இறக்கினாள். அது சரியாக உட்கார்ந்தது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி விட்டு, அடியில் இருக்கும் சின்னக் கொக்கியைத் தட்டி உடைத்து எடுத்தாள். அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து சூலூர் வெங்கடபதி வந்தார். அவருடைய லோடு ஆட்டோவின் என்ஜின் ஹெட்டில் பிளக் மரை போய்க் கொடுத்திருந்தார், வாங்க வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற அத்தாவையும் வைஸ் முன்னால் நிற்கிற ஃபர்சானாவையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏனுங்க பாய், ஊருக்கே மரை போடறீங்க, உங்க ஊட்டு வண்டியிலேயே மரை போயிருச்சுங்களா?” என்றார். வெங்கடபதியின் வாய் உனக்குத் தெரியும், சிங்காநல்லூர் தாண்டுவதற்குள் பஸ்ஸில் பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பார். அத்தா, “போச்சுங்க. நான்தான் போக்கினேன்” என்றார். வெங்கடபதி தன் ஹெட்டை எடுத்துக்கொண்டு, “சரிங்க, வாரேனுங்க” என்று போய்விட்டார். நான் அத்தாவோடு இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறேன். அந்த வாக்கியத்தை அவர் இவ்வளவு எளிதாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சேம்பரை ஏற்றியதும் புது போல்ட், புதுச் செம்பு வாஷர். இறுக்குவதற்கு அத்தாவின் டார்க் ரெஞ்சை எடுத்தாள். வேண்டிய அளவு வந்ததும் அது டக் என்று சொல்லும், அதற்குமேல் திருகக் கூடாது. அத்தா அதை ஹெட் போல்ட்டுக்கு மட்டும்தான் எடுப்பார், மற்றதெல்லாம் கை சொல்லும் என்பார். டக் என்றது. நிறுத்தினாள். பிறகு தன் பையிலிருந்து இல்மாவின் நெயில் பாலிஷை எடுத்தாள், ஆண்டு விழாவுக்கு வாங்கிய சிவப்பு. போல்ட்டின் தலையிலிருந்து சேம்பர் வரைக்கும் நேராக ஒரு கோடு போட்டாள். “யாராவது தொட்டீங்கன்னா கோடு உடைஞ்சு போகுமுங்க. எனக்குத் தெரிஞ்சிரும்” என்றாள். என் நெயில் பாலிஷ் ஆயில் வாடை அடிக்குது என்று இல்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். நீ வரும்போது ஒன்று வாங்கி வா.

அடுத்தது அத்தா தானாகச் செய்தது. யாரும் சொல்லவில்லை. பெற்றோர்களுக்கு என்று ஃபர்சானா வைத்திருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் தன்னைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தாள். கடைக்குப் பின்னால் போய் நின்று பேசி அனுப்பினார். நான் அதை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். “அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் ஃபர்சானாவோட மாமனார் ரசாக் பேசறனுங்க. புதன்கெழம வண்டி நின்னதுக்கு எம் மருமக காரணமில்லீங்க. அது சரியாத்தான் இறுக்குச்சு. நான்தான் அதுக்குத் தெரியாம, தேவையில்லாம இறுக்கி இறுக்கி மரையைக் கெடுத்துப்போட்டனுங்க. மரை போடறதுதான் என் தொழிலுங்க, எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாதுங்க. வெளக்கு எரிஞ்சதும் வண்டியை நிறுத்துச்சு பாருங்க, அதுதானுங்க ஓட்டறவங்க வேலை. இனி அந்த போல்ட்டை நான் தொடமாட்டனுங்க. அவ்வளவுதானுங்க.” நடுவில் கம்ப்ரஸர் சத்தம். முடிந்த பிறகும் நிறுத்தத் தெரியாமல் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு ஒருவர் கட்டைவிரல் அனுப்பினார். இன்னொருவர், பாய் என் பைக்கிலும் ஒரு மரை போயிருக்குதுங்க, கொண்டு வரட்டுங்களா என்று கேட்டிருந்தார். தாரிக்கின் இழுப்பையும் உன் போனையும் பற்றி அத்தா வாய் திறக்கவில்லை. கவனித்தாயா. எல்லாவற்றையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை வேன் கிளம்பியது. ஜன்னத் வாசலுக்கு வந்தாள். பிள்ளைகள் பையோடு அவள் பின்னால் நின்றார்கள், ஏறலாமா வேண்டாமா என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு. அவள் நேரே வேனுக்கு வந்து, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, ரோட்டில் முட்டி போட்டு, போனில் டார்ச் அடித்து அடியில் பார்த்தாள். கோட்டைப் பற்றி யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, இல்மாவாகத்தான் இருக்கும். எழுந்து, “கோடு நேரா இருக்குதுங்க” என்றாள். ஃபர்சானா, “இருக்குமுங்கக்கா. தினமும் பாத்துக்குங்க” என்றாள். சிரிக்கவும் இல்லை, கோபமும் இல்லை. பிள்ளைகள் ஏறினார்கள். இன்றைக்கும் ஜன்னத் பார்த்தாள். இன்னொரு வீட்டிலும் பார்த்தார்களாம். பார்க்கட்டும். பார்ப்பது வேறு, தெரியாமல் தொடுவது வேறு.

இனி உனக்கு. நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. உள்ளே இருந்தது உன் மகள். தூரத்தில் இருக்கிறவனுக்குக் கை எட்டாது, தம்பியின் கையைக் கடன் வாங்கினாய். ஆனால் கை எட்டாத உனக்கு வாய் எட்டும். தினமும் அவளோடுதான் பேசுகிறாய். வண்டி எப்படி இருக்கிறது என்று அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லையாம். சாப்பிட்டியா, இல்மா படிச்சாளா, இவ்வளவுதானாம். அவள் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டேன், சொன்னாள். நடந்ததையெல்லாம் நீயே அவனுக்குச் சொல்லேன் என்று அவளிடம் சொல்லிப்பார்த்தேன். “நான் சொன்னா சமாளிக்கறேன்னு நினைப்பாருங்க மாமி. விக்கணும்னா விக்கட்டும், வண்டி அவர் பேர்லதான இருக்குது” என்றாள். அந்தக் கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் இறங்கியது. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

விற்பதா வேண்டாமா என்று இனி என்னிடம் கேட்காதே, அத்தாவிடம் கேட்காதே, பாலகோபாலை அனுப்பாதே. அவளிடம் கேள். நீ முடிவு செய்ததைக் கேள்வி போலச் சொல்லாதே. நிஜமாகவே கேள். அவள் பதில் சொல்ல நேரமாகும், அதுவரை போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இரு. உனக்கு அது கஷ்டம், அத்தாவின் பிள்ளை நீ. அத்தா தொடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததை நினைத்துக்கொள். அவரால் முடிந்தது.

மற்றபடி, பொட்டலத்தில் நெய் இருக்கிறது, மூடியை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன், சாய்த்து வைக்காதே. கறி மசாலா இரண்டு பொட்டலம், ஒன்று சாஹிலுக்கு. இல்மா வரைந்த படம் ஒன்று மடித்து வைத்திருக்கிறாள், வேன்தான், சக்கரம் ஐந்து இருக்கிறது, ஏன் என்று கேட்டேன், ஸ்டெப்னி என்றாள். ஏசியை நேரே முகத்தில் படும்படி வைத்துத் தூங்காதே, போன தடவை கழுத்து பிடித்துக்கொண்டது. பாஸ்போர்ட் புதுப்பிக்கிற வேலையைத் தள்ளிப்போடாதே, இரண்டு தடவை சொல்லிவிட்டேன். தொழுகையை விடாதே. வேலையிடத்தில் அவசரப்படாதே.

உன் உழைப்பில் அல்லாஹ் பரக்கத்தையும் உன் மனதில் அமைதியையும் இறக்கட்டும். உன் வீட்டு மனிதர்களை உன் கண்ணால் பார்க்கும் நாளைச் சீக்கிரம் தரட்டும்.

உன் அம்மா,
சாஜிதா பேகம்
கரும்புக்கடை, கோவை

இன்னும் ஒன்று. உறை ஒட்டியாகிவிட்டது, அதன் முதுகில் எழுதுகிறேன். எழுதி முடித்து இதை ஃபர்சானாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, “தாரிக்கை ரொம்பக் கிண்டல் பண்ணிருக்கீங்க மாமி” என்றாள். உறையை அவளே ஒட்டினாள். சாஹில் வீடு குனியமுத்தூரில், பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், வாங்க நானே கொண்டுபோய் விடறேன் என்று சாவியை எடுத்தாள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் வெளியே வந்தேன். வேன் வாசலில் நின்றது. குனிந்து பார்க்கவில்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.